பங்காளிப் போர்: இளவரசர்களுக்கு ஒரு கைநூல்

உங்கள் தாத்தா சார்லமேனாக இருந்தால் இந்தக் கைநூல் முழுப் பயன் தரும். அவர் 46 ஆண்டு ஆண்டு, லொம்பார்டி, பவேரியா, சாக்சனி என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஃபிராங்க் அரசோடு சேர்த்து, பேரரசர் பட்டமும் கட்டிக்கொண்டு, 814 ஜனவரி 28-இல் ஆஹென் அரண்மனையில் கண்ணை மூடியிருக்க வேண்டும். சொத்தை மூன்று மகன்களுக்கும் அவர் 806-லேயே பிரித்து எழுதிவிட்டார். ஆனால் அவர் காலத்திலேயே இரண்டு பேர் போய்ச் சேர்ந்ததால் முழுச் சொத்தும் மூன்றாமவருக்கு வந்தது. அந்த வீட்டில் ஒற்றுமை என்றால் அகால மரணம் என்று அர்த்தம்.

மிஞ்சியவர் உங்கள் அப்பா, பக்திமான் லூயி. ஒற்றை வாரிசு வீட்டில் பங்காளிச் சண்டைக்கு வழி ஏது என்று சோர்ந்துவிடாதீர்கள். அப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். பிறகு ஒரு இளைய தாரம். பிறகு நான்காவது பிள்ளை. கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் கூடிவரும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குடும்பத்தில் புழங்குவது மொத்தமே நாலைந்து பெயர்கள்தான்: லூயி, சார்லஸ், பெப்பின், லோத்தர். அப்பாவும் லூயி, மூன்றாவது மகனும் லூயி. மகனைப் பின்னாளில் ஜெர்மானிய லூயி என்றார்கள்; இங்கேயும் அப்படியே. அதேபோல் கடைக்குட்டி சார்லஸுக்கு வரலாறு 'வழுக்கை' என்ற அடைமொழியை ஒட்டிவைத்திருக்கிறது. நம் கதையில் அவருக்கு வயது பதினெட்டு என்பதால் அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

அப்பா உயிரோடு இருக்கும்போது

அவரை அடிக்கடி பாகம் பிரிக்க விடுங்கள். ஒரே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் யாருக்கு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். சண்டைக்கு வாய்ப்பே இல்லை. நான்கைந்து பத்திரம், ஒவ்வொன்றின் மேலும் கைவைத்துச் செய்த சத்தியம், இவை இருந்தால்தான் ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரலாம்.

817 பெரிய வியாழனன்று ஆஹென் அரண்மனையின் மர நடைமாடம் இடிந்து விழுந்தது. அப்பா தப்பித்தார். அந்த அதிர்ச்சி அடங்கும் முன்பே, ஜூலையில், முதல் பத்திரம் தயார். மூத்தவர் லோத்தருக்குப் பேரரசர் பட்டம், பெப்பினுக்கு அக்விட்டேன், ஜெர்மானிய லூயிக்குப் பவேரியா. தம்பிகள் ஆண்டுக்கொரு முறை பரிசுப் பொருளோடு அண்ணனைப் பார்க்க வர வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருந்தது. உடன்பிறப்புகளுக்குள் வெறுப்பை விதைக்க இதைவிடச் சிக்கனமான வாசகம் கிடைக்காது. இத்தாலியை ஆண்ட, அப்பாவின் அண்ணன் மகன் பெர்னார்டின் பெயரையே பத்திரத்தில் காணோம். அவர் கிளம்பினார்; பிடித்துக் கண்ணைக் குருடாக்கினார்கள்; 818-இல் செத்துப்போனார்.

அதே ஆண்டு அம்மா எர்மென்கார்ட் இறந்தார். 819-இல் அப்பா ஜூடித்தை மணந்தார். 823-இல் சார்லஸ் பிறந்தான். தம்பிக்கு ஞானத்தந்தையாக இருந்து காப்பாற்றுவேன் என்று ஏற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? லோத்தர்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பின்னால் யாரைப் போர்க்களத்தில் சந்திக்கப் போகிறீர்களோ, அவருக்கு ஞானத்தந்தையாக இருப்பது கௌரவம்.

829-இல் ஆறு வயது சார்லஸுக்கும் அப்பா ஒரு பங்கு ஒதுக்கினார். 830-இல் மூத்த தாரத்துப் பிள்ளைகள் கலகம் செய்தார்கள். 833-இல் கோல்மார் அருகே ஒரு வெளியில் அப்பாவின் படையும் பிள்ளைகளின் படையும் எதிரெதிரே நின்றன. சமாதானம் பேச என்று போப் நான்காம் கிரெகரியும் பிள்ளைகளோடு வந்திருந்தார். பேச்சு நடந்த இரவுகளில் அப்பாவின் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். ஒரு வாள்கூட உருவப்படவில்லை. அந்த இடத்துக்குப் 'பொய் வயல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவைச் சுவாசோனில் ஊரறியப் பாவமன்னிப்புக் கேட்க வைத்து, பத்து வயது தம்பியை மடத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே அப்பா அரியணைக்குத் திரும்பிவிட்டார். ஆக, சண்டையில்லாத வெற்றி நீடிக்காது என்பது தெரிந்துபோயிற்று.

838-இல் பெப்பின் இறந்தார். அவருடைய மகன், அவனும் பெப்பின்தான், தன் பங்கு எங்கே என்று கேட்டான். அப்பா அதைக் கண்டுகொள்ளாமல் 839-இல் வோர்ம்ஸில் புதுப் பிரிவினை போட்டார். பவேரியா நீங்கலாக மற்றதெல்லாம் இரண்டே பங்கு. லோத்தரிடம் அவர் சொன்னது நியாயத்தின் உச்சம்: "நீ பிரி, சார்லஸ் எடுத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் நான் பிரிக்கிறேன், நீ எடுத்துக்கொள்." லோத்தர் மூன்று நாள் முயன்றார். முடியவில்லை. எந்த ஊர் எங்கே இருக்கிறது, எவ்வளவு வரும்படி என்று தன் ஆட்களுக்குத் தெரியவில்லை, அப்பாவே பிரித்துத் தரட்டும் என்று ஆள் அனுப்பினார். மியூஸ் ஆற்றுக்குக் கிழக்கே உள்ளதை எடுத்துக்கொண்டார். இந்த மூன்று நாளை நினைவில் வையுங்கள். போர் முடிந்த பிறகு தேவைப்படும்.

சாவுச் செய்தி வந்ததும்

840 ஜூன் 20-இல், இங்கல்ஹைம் அருகே ரைன் நதித் தீவு ஒன்றில் அப்பா இறந்தார். கிரீடத்தையும் வாளையும் லோத்தருக்கு அனுப்பினார், சித்திக்கும் சார்லஸுக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. கிரீடம், வாள், நிபந்தனை மூன்றில் எடுத்து வைப்பதற்கு எளிதானவை முதல் இரண்டும்தான்.

உடனே நாலு திசைக்கும் தூதர்களை விடுங்கள். லோத்தர் இத்தாலியிலிருந்து கிளம்பும் முன்பே விட்டார். செய்தி இரண்டு பகுதி. ஒன்று: அப்பா காலத்தில் யாருக்கு என்ன பதவி, என்ன நிலம் இருந்ததோ அது அப்படியே தொடரும், மேலும் கிடைக்கும். இரண்டு: உடனே வந்து விசுவாசப் பிரமாணம் செய்யாதவருக்குத் தலை போகும். பிரபுக்கள் ஒவ்வொருவருக்கும் லுவார் கரையில் நிலம், ரைன் கரையில் நிலம், இத்தாலியில் உறவு என்று சொத்து சிதறிக் கிடக்கிறது. பேரரசு துண்டானால் ஒரே ஆள் மூன்று அரசருக்குக் கும்பிடு போட முடியாது. ஏதோ ஒரு பக்கத்து நிலம் போய்விடும். அவர்களுடைய பயம்தான் உங்கள் படை. அதைச் சரியாக விசிறிவிடத் தெரிந்தவர் லோத்தர்.

சார்லஸ் பக்கம் இருந்தால் என்ன செய்வது? பேசிக்கொண்டே இருங்கள். இலையுதிர் காலத்தில் ஓர்லியோன் அருகே சந்தித்து, அடுத்த மே மாதம் அட்டின்யியில் சந்திப்போம் என்று சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்த கையோடு லோத்தர் தம்பியின் ஆட்களை இழுக்கத் தொடங்கினார்.

தோற்றத்தில் கவனம் தேவை. 841 ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சார்லஸ் த்ரோவாவில் குளித்துவிட்டு வெளியே வருகிறார். மாற்றுத் துணி இல்லை. கழற்றிப் போட்ட அழுக்கு உடையையே மறுபடி மாட்டிக்கொள்ளப் போகிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் அக்விட்டேனிலிருந்து ஆட்கள்: கிரீடம், அரச உடை, வழிபாட்டுப் பொருள்கள் எல்லாம் மூட்டையாக. கொள்ளைக்காரர்கள் எங்கும் திரியும் காலத்தில், எண்ணிக்கை குறைந்த அந்த ஆட்கள், அரசர் எங்கே இருக்கிறார் என்றுகூடத் தெரியாமல், அத்தனை தங்கத்தோடு சரியாக அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது தெய்வச் செயல் என்கிறார் நிதார்ட்.

இந்த நிதார்ட் சார்லமேனின் மகள் வயிற்றுப் பேரன். சார்லஸுக்கு அத்தை மகன். இந்த வழக்கின் வரலாற்றை எழுதும்படி சார்லஸ் அவரிடம் கேட்டுக்கொண்டது 841 மே மாதம், அதாவது போருக்குச் சில வாரம் முன்பு. கைநூலின் மிக முக்கியமான ஆலோசனை இதுதான்: வரலாற்றாசிரியரை முன்கூட்டியே அமர்த்திவிடுங்கள். வாள் பிடிக்கத் தெரிந்த உறவுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. நமக்கு இந்தப் போர் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி சார்லஸின் அத்தை மகன் சொன்னது. லோத்தர் அப்படி ஒருவரைப் பிடித்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரையின் வில்லன் வேறு ஆளாக இருந்திருப்பார்.

களம் இறங்கும் முன்

மே 13-இல் ஜெர்மானிய லூயி, தன்னைத் தடுக்க லோத்தர் நிறுத்தியிருந்த அடால்பெர்ட் பிரபுவின் படையை அடித்து வீழ்த்திவிட்டு, மேற்கே வந்து தம்பியோடு சேர்ந்துகொண்டார். ஜூன் 21-இல் ஒசேர் பக்கம் இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்தன. இனி வேலை நெருக்கத்தில்.

முதலில் ஒரு தாராளமான சமாதானக் கடிதம் அனுப்புங்கள். நிராகரிக்கப்படும் என்று உறுதியாகத் தெரிந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் தாராளமாக இருக்கலாம். குதிரையும் ஆயுதமும் தவிர, எங்கள் முகாமில் உள்ள எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார்கள் தம்பிகள். அது வேண்டாமா, ஆளுக்குக் கொஞ்சம் நாட்டை விட்டுத் தருகிறோம். அதுவும் வேண்டாமா, முழு ஃபிராங்க் நாட்டையும் சமமாகப் பிரிப்போம், எந்தப் பங்கு வேண்டுமோ அதை நீயே எடுத்துக்கொள். அப்பா வோர்ம்ஸில் சொன்ன அதே யோசனை.

மறுபக்கம் இருந்தால் யோசிக்க அவகாசம் கேளுங்கள். பொது நன்மையைத் தவிர வேறெந்த நோக்கமும் இல்லை என்று லோத்தரின் தூதர்கள் சத்தியம் செய்து ஜூன் 25 காலை வரை போர் நிறுத்தம் வாங்கினார்கள். ஜூன் 24-இல் அக்விட்டேனிலிருந்து தம்பி மகன் பெப்பின் படையோடு வந்து சேர்ந்தான். பொது நன்மை வந்து சேர்ந்துவிட்டதால் லோத்தர் பதில் அனுப்பினார்: பேரரசர் பட்டம் எனக்கு உரிய அதிகாரத்தோடு தரப்பட்டது, அந்தப் பதவியின் பொறுப்பை நான் எப்படி நிறைவேற்றுவது என்று யோசியுங்கள். தம்பிகள் சொன்னார்கள்: அப்படியானால் நாளை விடிந்த இரண்டாம் மணிக்குக் கடவுளின் தீர்ப்பைக் கேட்டுக்கொள்வோம்.

நேரம் குறித்து, முன்னறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்துக்கு வாய்தா வாங்கிக்கொண்டு போவதுபோல் போருக்குப் போனார்கள். அவர்கள் மனதில் அது நீதிமன்றம்தான். நீதிபதி மேலே இருக்கிறார். இரண்டு கட்சிக்கும் அவர்மேல் நம்பிக்கை. இரண்டு கட்சியும் தன் வழக்கு பலமானது என்று நினைத்தது.

சண்டை

இடம் ஃபோன்த்னுவா, பர்கண்டியில் ஒசேருக்குத் தென்மேற்கே. பெல்ஜியத்தில் 1745-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயர்களை வென்ற இடத்துக்கும் இதே பெயர். படையை அங்கே ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

841 ஜூன் 25, சனிக்கிழமை. விடியற்காலையில் எழுந்து, லோத்தரின் முகாமுக்கு அருகே உள்ள குன்றின் உச்சியில் மூன்றில் ஒரு பங்குப் படையோடு ஏறி நில்லுங்கள். குறித்த மணி வரும்வரை காத்திருங்கள். ஓடைக்கரையில் மோதல். ஜெர்மானிய லூயியும் லோத்தரும் நேருக்கு நேர், லோத்தர் ஓடினார். சார்லஸ் தாக்கிய பக்கம் எதிரிகள் நின்று பார்க்கவே இல்லை. மூன்றாவது இடத்தில்தான் இழுபறி. நிதார்ட் சண்டை போட்டது அங்கேதான் என்று தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறார். அந்த மூன்று இடங்களும் இன்றைய வரைபடத்தில் எவை என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காலைச் சண்டை, அவ்வளவுதான்.

லோத்தர், பெப்பின் பக்கத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்று ரவென்னாவின் அக்னெல்லுஸ் எழுதினார். மத்தியகால எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஃபிராங்குகள் ஃபிராங்குகளை இப்படி வெட்டிக்கொண்டது நினைவில் இல்லாத சங்கதி என்பதில் எல்லாப் பக்கத்து ஏடுகளும் ஒத்துப்போகின்றன. லோத்தரின் முன்வரிசையில் நின்று உயிர் பிழைத்த ஆங்கில்பெர்ட் என்பவர் லத்தீனில் ஒரு ஒப்பாரி எழுதினார். அதில் வென்றவரைப் பாராட்டும் பேச்சே கிடையாது.

ரவென்னாப் பேராயர் ஜார்ஜ் பற்றித் தேவாலயத்தாருக்கு ஒரு வார்த்தை. சமாதானத் தூதராக வந்தவர் அவர். அக்னெல்லுஸுக்கு அவரைக் கண்டால் ஆகாது; தன் சபைக்குச் சலுகை வாங்க, கஜானாவைக் காலி செய்து பொன்னும் சாசனங்களும் மூட்டை கட்டி லோத்தரிடம் வந்தார் என்கிறார். போர் முடிந்தபோது பேராயர் சிறைப்பட்டார், மூட்டையும் போயிற்று. சமாதானம் பேசப் போகும்போது கை வீசிக்கொண்டு போங்கள்.

பக்கத்தில் நிற்கும் பிரபுக்களுக்கு

செப்டிமேனியாவின் பெர்னார்டை முன்மாதிரியாகக் கொள்ளலாம். போர் நடந்தபோது அவர் மூன்று லீக் தூரத்தில் இருந்தார். யாருக்கும் உதவவில்லை. யார் வென்றார்கள் என்று தெரிந்ததும் தன் பதினான்கு வயது மகன் வில்லியமைச் சார்லஸிடம் அனுப்பி, பையன் உங்களுக்கு, பர்கண்டியில் அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

வீட்டில் அவருடைய மனைவி துவோடா உசேஸ் நகரில் தனியாக இருந்தார். இரண்டாவது பிள்ளை பிறந்தது 841 மார்ச் 22-இல். ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே அந்தக் குழந்தையைத் தன்னிடம் கொண்டுவரச் செய்துவிட்டார் பெர்னார்ட். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தாய்க்குத் தெரியாது. நவம்பர் 30-இல் மூத்த மகனுக்காக ஒரு கைநூல் எழுதத் தொடங்கி 843 பிப்ரவரியில் முடித்தார். கேலி இல்லாத, நிஜமான கைநூல்: கடவுளிடம் எப்படி நடந்துகொள்வது, அப்பாவை எப்படி மதிப்பது, அரசர் சார்லஸுக்கு எப்படி உண்மையாக இருப்பது. தம்பியின் பெயர் தெரிந்ததும் அவனுக்கும் இதைப் படித்துக் காட்டு என்று அதில் சொல்கிறார். 844-இல் சார்லஸ் பெர்னார்டின் தலையை எடுத்தார். வில்லியம் எதிரணிக்குப் போய் 850-இல் கொல்லப்பட்டான். மூன்று லீக் தூரம் போதவில்லை.

மறுநாள்

வென்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை துரத்தவில்லை. பூசை கேட்டார்கள், இரண்டு பக்கத்துப் பிணங்களையும் புதைத்தார்கள். பிறகு ஆயர்களைக் கூட்டி, நாங்கள் செய்தது பாவமா என்று கேட்டார்கள். இது கடவுளின் தீர்ப்பு, நீங்கள் வெறும் கருவி, பாவம் ஒட்டாது என்றார்கள் ஆயர்கள். ஆத்திரத்தாலோ பகையாலோ சண்டைக்கு வந்தவர் மட்டும் ரகசியமாகப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம். எல்லோருக்கும் மூன்று நாள் உபவாசம். ஆயர்களையும் வரலாற்றாசிரியரைப் போலவே முன்கூட்டி அழைத்து வருவது நல்லது.

தோற்றவருக்கு

தீர்ப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். லோத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. சார்லஸ் செத்துவிட்டான், லூயி காயத்தோடு ஓடிவிட்டான் என்று அவர் பக்கத்தார் செய்தி பரப்பினார்கள். சாக்சனியில் குடியானவர்களிடம், என்னோடு சேர்ந்தால் உங்கள் முன்னோர் காலத்து வழக்கத்தை, கிறிஸ்தவத்துக்கு முந்தினதை, திருப்பித் தருகிறேன் என்றார். வைக்கிங் தலைவன் ஹரால்டுக்குக் கடலோரத்தில் வால்ஹெரன் தீவைக் கொடுத்தார். தாத்தா முப்பதாண்டு போராடி ஞானஸ்நானம் கொடுத்த சாக்சனியைப் பேரன் இப்படித் திறந்துவிட்டார்.

கைச்செலவுக்குப் பணம் வேண்டுமே? ஆஹெனில் தாத்தாவின் வெள்ளி மேசைத்தட்டு ஒன்று இருந்தது. உலகமும் விண்மீன்களும் கோள்களும் அதில் வட்டம் வட்டமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அப்பா அதைத் தந்தை நினைவாக மட்டும் எடுத்து வைத்திருந்தார். 842-இல் லோத்தர் அதைத் துண்டு துண்டாக வெட்டித் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டார். பாகம் பிரிக்கத் தெரியாது என்று அவரைச் சொன்னது அநியாயம்.

வென்ற தம்பிகள் 842 பிப்ரவரி 14-இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்தார்கள். லூயி சார்லஸின் படைக்குப் புரியும் பேச்சில், சார்லஸ் லூயியின் படைக்குப் புரியும் பேச்சில். பிரெஞ்சு மொழிக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆவணம் அது. இலக்கியக்காரர்களுக்கு அது போதும். அரசியல்காரர்கள் படிக்க வேண்டியது போர்வீரர்களின் வரி: என் அரசர் இந்தச் சத்தியத்தை மீறினால் நான் அவருக்கு உதவமாட்டேன். இவர்களுடைய சத்தியத்துக்கு என்ன மரியாதை என்று படையாட்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

கடைசியாக, பாகப்பிரிவினை

842 அக்டோபரில், அண்ணன் தம்பி ஒவ்வொருவருக்கும் 40 பேர் வீதம் கோப்லென்ஸில் கூடினார்கள். அடிதடி வராமலிருக்க முகாம் ரைன் நதியின் இரு கரையில். சந்தித்துப் பேசப் புனித காஸ்டர் தேவாலயம். பேச்சு தொடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது: பேரரசு முழுக்க என்னென்ன இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர் யாராவது உண்டா? ஒருவரும் இல்லை. வோர்ம்ஸில் மூன்று நாள் விழித்தார்களே, அதே விழிப்பு, இந்தமுறை மூன்று தரப்பிலும். எது எங்கே என்று தெரியாமல், சமமாகப் பிரித்தேன் என்று எப்படிச் சத்தியம் செய்வது? லோத்தர் பக்கத்து ஆயர்கள் வழி சொன்னார்கள்: சத்தியம் செய்துவிடுங்கள், தவறிப்போனால் பரிகாரம் செய்துகொள்ளலாம். மற்றவர்கள் ஒப்பவில்லை. முதலில் நாடு முழுக்க ஆள் அனுப்பிக் கணக்கெடுங்கள் என்று முடிவானது. ஃபோன்த்னுவாவுக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

843 ஆகஸ்டில் வெர்டன் உடன்படிக்கை. மேற்கு சார்லஸுக்கு, கிழக்கு லூயிக்கு, வடகடலிலிருந்து ரோமுக்கும் அப்பால் வரை நீளும் நடுத் துண்டு லோத்தருக்கு, பேரரசர் பட்டமும் ஆஹெனும் சேர்த்து. அவரவர் நிலமும் ஆட்களும் எங்கே இருந்தார்களோ அதை அனுசரித்துக் கோடு வளைந்து வளைந்து போனது. பெப்பினுக்கு ஒன்றும் இல்லை. அவன் அக்விட்டேனில் தன் சண்டையைத் தொடர்ந்தான்.

ரைனை எல்லையாக வைத்திருந்தால் லூயிக்கு நதியின் மறுகரை கிடைத்திருக்காது. ஆனால் மெய்ன்ஸ், வோர்ம்ஸ், ஷ்பையர் மூன்றையும் அவர் பங்கில் சேர்த்தார்கள். அங்கே திராட்சை ரசம் நிறையக் கிடைக்கும் என்பதுதான் காரணம் என்று ப்ரூம் மடத்து ரெஜினோ பின்னாளில் எழுதிவைத்தார். நீங்களும் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, கூட்டிப்போகும் 40 பேரில் திராட்சைத் தோட்டம் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும்.